கடல் விட்டுவைத்ததை மழை தின்றது: காட்பாடியில் ஒரு பாய்மரப் படகு

"பாலாத்துல தண்ணியே இல்ல, இவன் படகு வாங்கிட்டு வர்றான்."

2019 மார்ச்சில் மினி லாரி எங்கள் காட்பாடி வீட்டு வாசலில் நின்றபோது அம்மா சொன்னது இது. தெருவில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும் என்ற பழமொழியை அன்று மட்டும் நான்கு பேரிடம் கேட்டேன். படகை இறக்கி, வீட்டுக்குப் பின்னால் மாமரத்தடியில் இரண்டு மரத் தாங்கிகள்மேல் உட்கார வைத்தோம். ஒரு வருடம் இருக்கட்டும், சின்னச் சின்ன வேலைகளை முடித்துத் திரும்ப சென்னைக்கு எடுத்துப் போகிறேன் என்று சொல்லிவைத்தேன். அந்த ஒரு வருடம் மூன்றானது. மூன்று வருடத்தில் படகு மக்கிப்போனது.

எப்படி மக்கியது, எதை வெட்டினோம், எதை வைத்தோம், எங்கே சொதப்பினோம் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். வேலூர்ப் பக்கம் மரப்படகு வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணலாம். மர வாசக்கால் வைத்திருப்பவர்கள் ஏராளம். இரண்டுக்கும் வரும் நோய் ஒன்றே என்பதால் அவர்களுக்கும் இது பயன்படலாம்.

படகு

என்டர்பிரைஸ் வகைப் படகு. 1956-ல் இங்கிலாந்தின் ஜாக் ஹோல்ட் வடிவமைத்தது. நீளம் 4.04 மீட்டர், அகலம் 1.62 மீட்டர், ஓட்ட இரண்டு பேர். பாய் நீல நிறம், அதுதான் தூரத்திலிருந்தே அடையாளம். 1978-லும் 1982-லும் ஆசிய விளையாட்டில் இந்த வகைக்குத் தனிப் போட்டி இருந்தது. இரண்டு முறையும் தங்கம் வாங்கியவர் பாகிஸ்தானின் பைராம் அவாரி. இரண்டாவது முறை அவருடன் படகில் இருந்தவர் அவர் மனைவி கோஷ்பி. கணவனும் மனைவியும் ஒரே சின்னப் படகில் சண்டை போடாமல் கரை சேர்ந்ததற்கே ஒரு தங்கம் தரலாம் என்பது என் கருத்து.

உடம்பு முழுக்க ப்ளைவுட். அடியிலிருந்து விளிம்பு வரை பக்கத்துக்கு இரண்டு மடிப்பாக வளைந்து ஏறும். உள்ளே நீளவாக்கில் மரச்சட்டங்கள், நடுவில் ஏராவின் (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புச் சட்டம்) மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு கனமான சட்டம், அதன்மேல் நடுப்பலகை (படகு பக்கவாட்டில் நழுவாமல் தண்ணீருக்குள் இறக்கும் பலகை) ஏறி இறங்கும் கூடு. பின்னால் சுக்கான் மாட்டும் பின்பலகை. முன்னால், அணியத்தில், படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் இருக்க ஒரு காற்றறை.

எங்களுடையது 1980களில் கட்டியது. பல வருடம் சென்னையில் உப்புத் தண்ணீரில் ஓடியிருக்கிறது. வாங்கும்போது ஸ்க்ரூடிரைவரால் ஐம்பது இடத்திலாவது குத்திப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. உறுத்தியது ஒன்றுதான்: முன்பு யாரோ ஏராவை ஒட்டி, உள்ளேயும் வெளியேயும் ஃபைபர் மேட் வைத்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பூசும் பாலியெஸ்டர் ரெசினைப் பூசியிருந்தார்கள். ஓரங்களில் அது லேசாக உரிந்திருந்தது. அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் செய்த பராமரிப்பு

படகை நிமிர்த்தியே வைத்தேன், கவிழ்த்து வைக்கவில்லை. மேலே நீல நிறத் தார்ப்பாய், 900 ரூபாய், நாலு பக்கமும் இழுத்துக் கட்டினேன். பின்பலகையின் வடிகால் துளைக்கு மூடி போட்டேன், பூரான் ஏறாமல் இருக்க. அணியத்துக் காற்றறையின் மூடியை முடிந்தவரை இறுக்கித் திருகினேன், எலி புகாமல் இருக்க. சின்னக் குழந்தையைப் போர்த்திவிட்ட திருப்தியோடு வேலைக்குப் போய்விட்டேன்.

அப்புறம் ஊரடங்கு வந்தது. 2020 நவம்பர் கடைசியில் நிவர் புயல் கரை கடந்து நம் பக்கமாகவே நகர்ந்தது, இரண்டு நாள் விடாத மழை. 2021 நவம்பரில் பாலாற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போனது. அம்மா ஞாபகமாக, "இப்ப எடுத்துட்டுப் போய் ஓட்டேன்" என்றார். தார்ப்பாயை ஒரு ஓரம் தூக்கிப் பார்த்தேன். மேல்பக்கம் காய்ந்திருந்தது. சரி, ஒன்றும் ஆகவில்லை என்று விட்டுவிட்டேன்.

2022 போகி அன்று, வீட்டைச் சுத்தம் பண்ணும் சாக்கில், தார்ப்பாயை முழுதாக அவிழ்த்தேன். முதலில் வந்தது வாசனை. பூட்டி வைத்த வீட்டைத் திறந்தால் வருமே, அதே நெடி. படகின் பின்பாதியில் நான்கு விரல் உயரத்துக்குக் கறுத்த தண்ணீர், மாவிலைச் சேறு. தார்ப்பாயின் பள்ளத்தில் தேங்கிய மழை ஊசித் துளைகள் வழியே சொட்டியிருக்கிறது. போன தண்ணீர் வெளியேற வழியில்லை, நான்தான் மூடி போட்டிருந்தேனே. பகலில் தார்ப்பாய்க்குக் கீழே வேகும், ராத்திரி ஆவி குளிர்ந்து மரத்தில் வியர்க்கும். ஸ்க்ரூடிரைவரைப் பின்பலகையின் மூலையில் வைத்தேன். அழுத்தக்கூட இல்லை, பிடி வரை இறங்கியது.

கரையானா, பூஞ்சையா

பார்க்க வந்த எல்லோரும் சொன்னது கரையான். நம் ஊரில் மரம் கெட்டால் முதலில் அந்தப் பெயர்தான் வரும். மருந்தடிக்க ஆள் கூட்டி வரவும் ஒருவர் தயாராக இருந்தார். அடித்திருந்தால் பணமும் போயிருக்கும், நோயும் அப்படியே இருந்திருக்கும்.

கரையான் வந்தால் மண்பாதை கட்டிக்கொண்டு வரும். மரத்தின் ரேகை போகும் திசையிலேயே மெத்தென்ற பகுதியைத் தின்று, கெட்டியானதை ஏடு ஏடாக விட்டுவைக்கும். வண்டு துளைத்தால் குண்டூசித் தலை அளவு வட்டத் துளையும், கீழே மாவு மாதிரித் தூளும் இருக்கும். இங்கே இரண்டும் இல்லை. மரம் பழுப்பாகி, ரேகைக்குக் குறுக்கே வெடித்து, அடுப்பில் அணைத்த கரிக்கட்டை போலச் சதுரம் சதுரமாக உடைந்தது. விரலில் தேய்த்தால் மூக்குப்பொடி. பழுப்பு மக்கல் பூஞ்சையின் கையெழுத்து அது. மரத்துக்கு நரம்பாக இருக்கும் செல்லுலோஸைத் தின்றுவிட்டு, பழுப்பு நிற லிக்னினை மட்டும் மிச்சம் வைக்கும்.

இந்தப் பூஞ்சை எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டதாக நினைக்க வேண்டாம். அதன் வித்து எப்போதும் காற்றில் இருக்கிறது. அதற்குத் தேவை ஈரம். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் வரை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. 25, 30 என்று ஏறி அங்கேயே நின்றால் கொண்டாட்டம். அந்த ஈரம் மழைத்தண்ணீராக இருக்க வேண்டும் என்பதுதான் பலர் கவனிக்காத விஷயம். உப்பு ஊறிய மரத்தில் இது லேசில் வளராது. அந்தக் காலத்து மரக்கப்பல்களில் சட்டங்களுக்கு நடுவே வேண்டுமென்றே உப்பைக் கொட்டி வைப்பார்கள். பழைய படகுகள் கடல் தொடும் அடிப்பலகையில் மக்குவதைவிட, மழை நிற்கும் மேல்தட்டிலும் உள்மூலைகளிலும் மக்குவது இதனால்தான். முப்பது வருடத்துக்கு மேல் கடல் தொடாமல் விட்ட மரத்தை, கடலிலிருந்து 140 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுவந்து, நல்ல தண்ணீரில் ஊறவைத்து நான் கெடுத்தேன்.

மேஸ்திரி

படகு வேலை தெரிந்தவரைத் தேடிச் சென்னை வரை பேசிப் பார்த்தேன். யாரும் காட்பாடிக்கு வரத் தயாராக இல்லை. கடைசியில் எங்கள் வீட்டுக் கதவுகளைச் செய்த தச்சு மேஸ்திரியிடமே போனேன். அறுபதைத் தாண்டியவர். வாசக்கால், கதவு, கோவில் வாகனம் பழுது, எல்லாம் செய்வார். படகைத் தொட்டதில்லை.

வந்தவர் ஐந்து நிமிடம் சுற்றிச் சுற்றி வந்தார். பின்பலகையின் கீழ்மூலையில் குந்தினார்.

"இன்னா சார் இது, வாசக்கால் அடி இத்துப் போற அதே கதை. தரை கழுவுற தண்ணி மரத்தோட வெட்டுவாய்ல ஏறுது. மேல எவ்ளோ பெயின்ட் அடிச்சாலும் அடி வெட்டுவாய யாரும் அடிக்க மாட்டான். இங்கயும் அடிக்கல பாரு."

அவர் சொன்ன இடத்தில் வடிகால் துளையின் உள்சுவர் பச்சை மரமாகவே இருந்தது. குறுக்கு வெட்டில் மரம் தண்ணீரைக் குடிப்பது பக்கவாட்டில் குடிப்பதைவிடப் பல மடங்கு அதிகம். கட்டியவர்கள் அங்கே ஒரு சொட்டு வார்னிஷ் விட்டிருந்தால் போதும். எந்தப் படகுப் புத்தகமும் இல்லாமல் நோயின் வாயைக் கண்டுபிடித்துவிட்டார். அங்கேயே வேலையை அவரிடம் ஒப்படைத்தேன்.

அடுத்த இரண்டு நாள் தட்டிப் பார்ப்பதுதான் வேலை. சின்னச் சுத்தியின் பிடியால் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போனோம். நல்ல மரம் "டக்" என்றது, கெட்டது "பொத்" என்றது. பொத் என்ற இடத்தைச் சாக்பீஸால் வளைத்தோம். அப்புறம் இரண்டு ஊசி வைத்த ஈரமானி. இதில் ஒரு சங்கதி: உப்பு ஊறிய மரத்தில் ஈரமானி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும், ஏனென்றால் அது அளப்பது மின்சாரம் ஓடுவதைத்தான். அதனால் எண்ணை அப்படியே நம்பாமல், நன்றாக இருக்கும் விளிம்புச்சட்டத்தை ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொண்டோம். அங்கே 13 காட்டியது. கெட்ட இடங்களில் 30-ஐத் தாண்டியது, அதற்குமேல் அந்தக் கருவியின் பேச்சுக்கு மதிப்பில்லை.

சாக்பீஸ் வட்டங்கள் நான்கு இடத்தில் வந்தன. பின்பலகையின் இரண்டு கீழ்மூலைகள். நடுப்பலகைக் கூட்டின் பின்முனையில், ஏராவின் மேல் உள்ள சட்டத்தில் இரண்டடி நீளம். அதற்குப் பக்கத்து அடிப் ப்ளைவுட்டில் ஒரு தாம்பாளம் அளவு. அணியத்துக் காற்றறைக்குள், நான் இறுக்கித் திருகிய மூடிக்கு நேர் கீழே, ஒரு கை அகலம். நடுச்சட்டம் கெட்டதற்கு அந்த ஃபைபர் மேட் நேரடிக் காரணம். பாலியெஸ்டர் ரெசின் மரத்தில் நீண்ட நாள் பிடிக்காது. ஓரம் உரிந்து உள்ளே போன தண்ணீரைக் கண்ணாடி மாதிரி மூடி வைத்துக்கொண்டது. போதாததற்குச் சட்டங்களின் அடியில் தண்ணீர் ஓட விட்டிருந்த சின்ன வழிகளையும் அதே ரெசின் அடைத்திருந்தது.

ஊசி போடலாமா

எனக்கு வெட்ட மனமில்லை. எபாக்ஸி என்பது இரண்டு திரவத்தைக் கலந்தால் இறுகும் பசை; அதை மெல்லியதாகக் கெட்ட மரத்துக்குள் ஊசியால் ஏற்றினால் கல்லாகிவிடும் என்று படித்திருந்தேன். மேஸ்திரியிடம் சொன்னேன். "செத்த பல்லுக்கு சிமென்ட் அடைக்கிற மாரி. நீ பண்ணு சார், நான் டீ குடிச்சிட்டு வரேன்."

சரி, படகில் செய்யாமல், எப்படியும் வெட்டி எறிய வேண்டிய ஒரு மூலைத் துண்டில் செய்து பார்த்தோம். நெருக்கமாகத் துளைகள் போட்டு, மெல்லிய எபாக்ஸி இனிக் குடிக்க மாட்டேன் என்று மரம் சொல்லும் வரை ஏற்றினேன். ஒரு வாரம் கழித்து வாளால் நடுவில் அறுத்தோம். துளையைச் சுற்றி மூன்று, நான்கு மில்லிமீட்டர் வரை கெட்டியாகியிருந்தது. துளைகளுக்கு நடுவே அதே மூக்குப்பொடி, அதே ஈரம். ஈரம் இருந்த இடத்துக்குள் எபாக்ஸி போகவே இல்லை. வெளியே கல், உள்ளே சேறு. தட்டினால் "டக்" என்று வேறு சொல்லும், அதுதான் பயங்கரம். பாரம் தாங்காத ஜன்னல் விளிம்பு, அலங்காரச் செதுக்கல், இவற்றில் அந்த வைத்தியம் செல்லுபடியாகலாம். சுக்கான் தொங்கும் பலகையில் ஆகாது. மேஸ்திரி டீ குடித்துவிட்டு வந்து துண்டைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. உளியை எடுத்தார்.

வெட்டு, காய்ச்சல், வெண்காரம்

கண்ணுக்குத் தெரியும் மக்கலோடு பூஞ்சை நிற்காது. நூல் மாதிரி முன்னே போயிருக்கும், ரேகை ஓடும் திசையில் இன்னும் தூரம் போயிருக்கும். அதனால் நல்ல மரம் தெரிந்த பிறகும் ரேகைவாக்கில் 10 சென்டிமீட்டர், குறுக்கே 5 சென்டிமீட்டர் கூடுதலாக எடுத்தோம். வெட்ட வெட்ட நெஞ்சு அடைத்தது. தாம்பாளம் அளவு என்று நினைத்த ஓட்டை கடைசியில் முறம் அளவாயிற்று. வெட்டிய மரத்தை அன்றே எரித்தோம்.

பிறகு ஐந்து வாரம் மர வேலை எதுவும் செய்யவில்லை. தாங்கிகள்மேல் படகைக் கவிழ்த்து, மேலே தகரக்கூரை மட்டும் போட்டு, காற்றாட விட்டோம். வேலூர் வெயிலைத் திட்டாத நாள் இல்லை, ஆனால் மரம் காய வைக்க இதைவிட நல்ல ஊர் கிடையாது. மாசி முடிவதற்குள் ஈரமானி 10-க்கு வந்துவிட்டது.

காயும் காலத்திலேயே ஒரு மருந்து. வெண்காரமும் போரிக் அமிலமும் ஏறக்குறையச் சரிபாதி, வெந்நீரில் கரைத்து, வெட்டிய ஓரங்களில் இரண்டு முறை பூசினோம். வெண்காரம் நாட்டு மருந்துக் கடையில் கிடைத்தது. போரிக் அமிலத்தை நாம் எல்லோருமே கேரம் போர்டில் தூவி விளையாடியிருக்கிறோம். ஈரமான மரத்துக்குள் இது தானாகவே ஊடுருவும், பூஞ்சைக்கு விஷம். பிள்ளைகளுக்கும் ஆகாது, கிண்ணத்தைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. இதற்கு இரண்டு குறைகள். மழை பட்டால் கரைந்து போய்விடும், அதனால் மேலே அடைத்துப் பூச வேண்டும். காய்ந்ததும் மேலே வெள்ளையாகப் பூக்கும் உப்பை ஈரத்துணியால் துடைத்து மீண்டும் காயவைக்காவிட்டால் ஒட்டு பிடிக்காது.

மரம் வாங்கிய கதை

நடுச்சட்டத்துக்கு மேஸ்திரி முதலில் வேங்கை என்றார். கனம் அதிகம் என்று நான் தயங்கினேன். தேருக்குப் போடும் இலுப்பையைப் பற்றியும் அரைமணி நேரம் பேசினார், அது தேவைக்கு மேல். கடைசியில் வேலூரில் இடித்த வீட்டு மரம் விற்கும் இடத்தில் ஒரு பழைய தேக்கு வாசக்கால் கிடைத்தது. வைரம் பாய்ந்த பகுதி, ரேகை நூல் பிடித்த மாதிரி நேர். வெளிறு, அதாவது வைரம் பாயாத வெளிமரம், இருந்த ஓரத்தை மேஸ்திரி கடையிலேயே அறுத்து எறிந்துவிட்டார். வெளிறு தேக்கானாலும் மக்கும். அதில் இரக்கம் காட்டக் கூடாது.

ப்ளைவுட்டில்தான் ஏமாற இருந்தேன். மெரைன் ப்ளைக்கு இந்தியத் தர எண் 710. அந்த முத்திரைக்கு 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் ஏடு பிரியக் கூடாது. இரண்டு கடையில் முத்திரை குத்திய துண்டு வாங்கி, பழைய அண்டாவில் போட்டு, விறகடுப்பில் கொதிக்கவிட்டேன். ஒரு துண்டு முதல் நாள் மாலையே புத்தகம் மாதிரி விரிந்துவிட்டது. இன்னொன்று மூன்று நாள், நாளுக்கு எட்டு மணி நேரம், தாங்கியது. முழுச் சோதனை இல்லைதான், ஆனால் எந்தக் கடையில் வாங்குவது என்பது தெரிந்துபோயிற்று. ஐரோப்பாவில் இந்த மாதிரிப் படகுக்குப் போடும் ஒக்கூமே ப்ளையைவிட நம் கர்ஜன் ப்ளை கனம். பந்தயத்துக்குப் போகிறவர் யோசிக்கலாம், நான் யோசிக்கவில்லை.

சாய்த்துச் சீவி ஒட்டுவது

ஓட்டைக்கு ஏற்ற சதுரத் துண்டை வெட்டி, ஓரத்தோடு ஓரம் வைத்து ஒட்டினால் அந்தக் கோட்டிலேயே ஒரு நாள் உடையும். இரண்டு பக்கத்தையும் நீண்ட சரிவாகச் சீவி, ஒன்றின்மேல் ஒன்று படுக்க வைத்து ஒட்ட வேண்டும். கனத்தைப் போல எட்டு மடங்கு சரிவு. 6 மில்லிமீட்டர் அடிப்பலகைக்கு 48, 9 மில்லிமீட்டர் பின்பலகைக்கு 72.

மேஸ்திரி வாழ்நாளில் ப்ளைவுட்டை இப்படிச் சீவியதில்லை. ப்ளையின் பசை இழைப்புளியின் வாயை மழுக்கிவிடும் என்று முனகினார். அது உண்மை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தீட்ட வேண்டியிருந்தது. ஆனால் சீவச் சீவ ஒன்று தெரிந்தது. ப்ளையின் ஏடுகளுக்கு நடுவே உள்ள பசைக்கோடுகள் சரிவில் பட்டை பட்டையாகத் தெரியும். சரிவு சரியாக இருந்தால் பட்டைகள் ஒரே அகலத்தில், கோடு போட்ட நோட்டு மாதிரி, நேராக இருக்கும். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்பதை அந்தக் கோடுகளே வளைந்து காட்டிக்கொடுக்கும். மட்டப்பலகையே வேண்டாம். "மரமே மட்டம் சொல்லுது" என்று சொல்லி, அன்று சாயங்காலம் வரை பேசாமல் சீவிக்கொண்டிருந்தார். பின்பலகைத் துண்டின் சரிவை இப்போதும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அதன்மேல் பூச எனக்கு மனசே வரவில்லை.

சிக்கல் ஒட்டும்போது வந்தது. தச்சு வேலையில் கிளாம்ப் என்றால் முட்ட முட்ட முறுக்குவது. அவர் அப்படித்தான் செய்தார், நானும் தடுக்கவில்லை. நல்லவேளை, அது ஒரு சோதனைத் துண்டு. இரண்டு நாள் கழித்து முழங்காலில் வைத்து மடக்கினேன். ஒட்டுக்கோட்டிலேயே சுத்தமாகப் பிரிந்தது. முறுக்கிய முறுக்கில் எபாக்ஸி மொத்தமும் பிதுங்கி வெளியே போயிருந்தது. மற்றப் பசைகள் மாதிரி இல்லை இது, நடுவே கொஞ்சம் கனம் தங்க வேண்டும். அடுத்த துண்டில் முதலில் இரண்டு சரிவிலும் வெறும் எபாக்ஸியைக் குடிக்க விட்டோம். பிறகு சிலிக்காத் தூள் கலந்து தேன் பதத்துக்குக் கெட்டியாக்கியதைத் தடவி, கிளாம்ப்பைக் கையால் திருகி நிறுத்தினோம். அந்தத் துண்டு மடக்கியபோது ஒட்டை விட்டு ஒரு அங்குலம் தள்ளி, மரத்தில் உடைந்தது. அதற்குப் பிறகே படகைத் தொட்டோம்.

தேக்கை ஒட்டும்போது இன்னொன்று: அதில் எண்ணெய் உண்டு. ஒட்டப் போகும் நிமிடத்தில் அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்து, உலர்ந்ததும் உடனே ஒட்ட வேண்டும். காலையில் துடைத்து மாலையில் ஒட்டினால் எண்ணெய் திரும்ப மேலே வந்துவிடும்.

கத்திரி வெயிலில் எபாக்ஸி

மே மாதம் வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். பிடிவாதமாக ஒரு மத்தியானம், நிழலில்தானே இருக்கிறோம் என்று, அரை லிட்டர் எபாக்ஸியை ஒரே பிளாஸ்டிக் டப்பாவில் கலந்தேன். மேஸ்திரியின் அக்கா பையன் தூரிகை எடுத்து வருவதற்குள் டப்பா கையில் சுட்டது. கீழே வைத்தேன். புகைந்தது, டப்பா நெளிந்து சாய்ந்தது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் எபாக்ஸி இறுகும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். இறுகும்போது அதுவே சூடு கக்கும். ஆழமான டப்பாவில் அந்தச் சூடு வெளியே போக வழியில்லை, அதனால் இன்னும் வேகமாக இறுகும். ஆயிரம் ரூபாய்க்கு மேல் போனது, வயலில் தூக்கி எறிந்தோம்.

அதிலிருந்து நூறு கிராமுக்கு மேல் கலக்கவில்லை. கலந்ததை உடனே அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பிவிடுவோம். ஒட்டு வேலை விடியற்காலை ஐந்து மணிக்கு. பூச்சு வேலை மட்டும் பொழுது சாய்ந்த பிறகு. வெயில் ஏறும் நேரத்தில் பூசினால் மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வந்து, பூச்சு முழுக்கக் குமிழ் குமிழாக நிற்கும். வெயில் இறங்கும்போது பூசினால் மரம் சுருங்கும் காற்றோடு எபாக்ஸியையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். இறுகியதும் மேலே மெழுகு தடவினது போல ஒரு வழவழப்பு வரும். அதை வெறும் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் உப்புத்தாள் போட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பூச்சு உரியும். கையுறை இல்லாமல் தொட்டதில் எனக்கு மணிக்கட்டில் அரிப்பு வந்து ஒரு மாதம் இருந்தது. அது என் முட்டாள்தனம்.

தண்ணீர் வழிகள்

புது மரம் வைத்ததைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது இந்தப் பகுதி. வடிகால் துளையைப் பெரிதாகத் துளைத்து, எபாக்ஸியால் நிரப்பி, இறுகியதும் அதன் நடுவில் சரியான அளவில் மீண்டும் துளைத்தோம். இப்போது துளையின் சுவர் முழுக்க எபாக்ஸி, மரம் தண்ணீரைப் பார்ப்பதே இல்லை. சுக்கான் மாட்டும் திருகாணித் துளைகளுக்கும் இதே சிகிச்சை. சட்டங்களுக்கு அடியில் அடைபட்ட வழிகளைத் திறந்து, உள்ளே பூசினோம். படகின் எந்த மூலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினாலும் அது தானாக வடிகாலுக்கு வந்து சேர வேண்டும் என்பது கணக்கு. ஓர் இடத்தில் வராமல் நின்றது, அங்கே எபாக்ஸியில் மரத்தூள் கலந்து சரிவு கட்டினோம்.

கழற்றிய பழைய பித்தளைத் திருகாணிகள் உடைந்த இடத்தில் செம்பு மாதிரிச் சிவந்திருந்தன. கடல் தண்ணீர் பித்தளையிலிருக்கும் துத்தநாகத்தை அரித்துவிடும், மிச்சம் இருப்பது பஞ்சு போன்ற செம்பு. சிலவற்றைக் கையாலேயே ஒடிக்க முடிந்தது. காட்பாடிக் கடைகளில் நான் கேட்ட வரை 304 ரகத் துருப்பிடிக்காத எஃகுதான் இருந்தது. உப்புத் தண்ணீரை இன்னும் நன்றாகத் தாங்கும் 316 ரகத்துக்குச் சென்னைப் பாரிமுனை வரை போய் வந்தேன்.

தரைப்பலகைகளில் மேஸ்திரியின் அனுபவம் காப்பாற்றியது. நான் இடைவெளி தெரியாமல் நெருக்கி வைக்கச் சொன்னேன். அவர் பலகைக்குப் பலகை ஒரு ரூபாய் நாணயத்தைச் சொருகிப் பார்த்து வைத்தார். "சித்திரைல செஞ்ச கதவு ஐப்பசில மாட்டிக்கும்ல சார்? இது கடலுக்கே போவுது." வேலூர் வெயிலில் ஏழெட்டு சதவீதத்துக்குக் காய்ந்த மரம் கடற்கரைக் காற்றில் பதினாலு, பதினைந்துக்கு ஏறும். ஒரு சாண் அகலப் பலகை இரண்டு மில்லிமீட்டர் வரை பருக்கலாம். சென்னை போய் ஒரு மாதத்தில் அந்த நாணய இடைவெளி கிட்டத்தட்ட மறைந்துவிட்டது.

பெயின்ட் வெள்ளை. எபாக்ஸி வெயிலில் மாவாகிவிடும் என்பதால் மேலே பெயின்ட் கட்டாயம். அடர்ந்த நிறம் அடித்தால் நம் ஊர் வெயிலில் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும், அந்தச் சூட்டில் எபாக்ஸி இளகும். மகளுக்குக் கருநீலம் வேண்டும் என்று ஆசை. விளிம்பில் ஒரு கோடு மட்டும் போட்டுச் சமாதானப்படுத்தினேன்.

சோதனையும் கணக்கும்

ஏரியில் இறக்குவதற்குப் பதில் உல்டாவாகச் சோதித்தோம். படகை நிமிர்த்தி, அடியில் ஐந்தாறு இடத்தில் மணல் மூட்டை முட்டுக் கொடுத்து, உள்ளே நான்கு அங்குலத் தண்ணீர் நிரப்பினோம். வெளியே சாக்பீஸ் தூள் தடவினோம். கசிந்தால் தூள் கறுக்கும். சரிவு ஒட்டு எதிலும் ஒன்றும் இல்லை. வடிகால் மூடியின் வளையத்தில் மட்டும் ஒரு கறுப்புப் பொட்டு. அதைக் கழற்றித் திரும்ப வைத்தோம்.

செலவு 61,000 ரூபாய் சொச்சம். பாதிக்கு மேல் மேஸ்திரிக்கும் பையனுக்கும் கூலி, பிறகு எபாக்ஸி, பிறகு ப்ளை. தேக்கு வாசக்கால் நினைத்ததைவிட மலிவு. 2023 ஜனவரியில் படகு மறுபடி வண்டி ஏறியது. மேஸ்திரியும் கூட வந்தார். தண்ணீரில் இறங்கியதும் பாய் விரிப்பதைப் பார்க்கவில்லை, குனிந்து பின்பலகையின் மூலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது மழைக்காலத்துக்கு முன்னால் படகைக் காட்பாடிக்குக் கொண்டுவந்துவிடுகிறோம். கவிழ்த்து, தகரக்கூரைக்குக் கீழே, எல்லா மூடிகளும் திறந்து வைக்கிறோம். தார்ப்பாய் இப்போது அம்மாவின் வறட்டிக்கு மூடாக்கு. போன மழை முடிந்ததும் ஈரமானி வைத்தபோது பின்பலகை 12, நடுச்சட்டம் 13, காற்றறை 13. வலப்பக்கப் பின்மூலையில் விளிம்புச்சட்டத்தைத் தாங்கும் முட்டுக்கட்டை மட்டும் 17. அது நாங்கள் தொடாத பழைய மரம். தட்டினால் "டக்" என்கிறது. மேஸ்திரி அதைச் சாக்பீஸால் வளைத்து, பக்கத்தில் தேதி எழுதி வைத்திருக்கிறார். சித்திரையில் திறந்து பார்க்கலாம் என்றார்.